ஆவடி போய்த் திரும்பும் வண்டி

12.9.1989, செவ்வாய்

ஜன்னல் சீட். தலைக்கு மேலே ஃபேனும் ஓடுகிறது. இரண்டும் ஒரே நாளில் அமைந்துவிட்டதால் எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

நேற்று ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரி கேட்டாள், அவ்வளவு தூரத்திலிருந்து வந்தும் உன் புடவை மடிப்பு கலையவில்லையே, எப்படி என்று. எங்கள் வித்தையைச் சொன்னேன். எங்கள் ஊர் செல்லியம்மன் நகரில் நின்று சென்ட்ரல் வண்டியில் ஏற முடியாது. ஆவடியிலேயே நிரம்பி வரும். எங்கள் பிளாட்பாரமோ வெறும் மண்மேடு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாவி ஏற வேண்டும். அதனால் நாங்கள் எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்று ஆவடிக்குப் போகும் காலி வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்வோம். ஆவடிதான் அதற்குக் கடைசி. அங்கிருந்து அதே வண்டி சென்ட்ரலுக்குத் திரும்பும். நாங்கள் இடத்தை விட்டு அசைய மாட்டோம். ஆவடிக்காரர்கள் அடித்துப் பிடித்து ஏறி வந்து எங்களை முறைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் வண்டி எங்கள் ஊர் வழியாகவே திரும்பிப் போகும்போது நாங்கள் ஜன்னலோரம் ஜம்மென்று உட்கார்ந்திருப்போம். இதற்காகவே ஊர் மொத்தமும் ஆவடி சீசன் டிக்கெட் வாங்குகிறது.

முன்னால் போக வேண்டியவர்கள் பின்னால் போகிறீர்களா என்று சிரித்தாள். ஆமாம் என்றேன்.

வீட்டில் குழந்தை நாகு, ஆபீஸில் டைப் மெஷின். யாரும் என்னைக் கூப்பிடாத இடம் இந்த சீட் ஒன்றுதான். அதனால்தான் இந்த நோட்டும் என் பையிலேயே கிடக்கிறது.

21.9.1989

நாகுவுக்கு ஜுரம். லீவு போட்டேன். அத்தை கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு, யாரிடமோ சொல்வது போல, பெத்தவ ஊட்ல இருந்தா புள்ளைக்கு இன்னாத்துக்கு ஜுரம் வருது என்று பாத்திரத்திடம் சொன்னார். பாத்திரம் பதில் சொல்லவில்லை. நான் நாகுவின் நெற்றித் துணியை நனைத்துப் போட்டேன்.

நாகு பிறந்தபோதே வேலையை விடச் சொன்ன மாமியார் இவர். அப்போது எங்களுக்கு ஸ்டேஷன் கிடையாது. திருமுல்லைவாயலில் இறங்கி ஏரிக்கரை மேலேயே நடந்து வர வேண்டும். அந்தக் கரையில்தான் ஒரு டீச்சரின் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினார்கள். என் வீட்டுக்காரர் எத்திராஜ் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்து என்னைக் கூட்டிப்போகும் நாட்களில் சரி. இரண்டாம் ஷிப்டு வாரங்களில் நான் கரை முழுக்க ஓட்டமும் நடையுமாக வருவேன். போன வருஷம் பொங்கலுக்குச் செல்லியம்மன் நகர் நிறுத்தம் திறந்தார்கள். ஸ்டேஷனிலிருந்து எங்கள் வாசல் தெரியும். அன்றைக்குத்தான் அத்தை இறங்கி வந்தார்.

"டேசன் கீற வரைக்கும் போ. அதுக்கு அப்பால ஊட்டோட இரு."

அப்போது அதை ஒரு நிபந்தனையாகவே நான் நினைக்கவில்லை. ஸ்டேஷனை யார் எடுத்துக்கொண்டு போகப் போகிறார்கள்?

9.10.1989, திங்கள்

ஆவடியிலிருந்து திரும்பி வரும்போது எங்கள் ஊர் பிளாட்பாரத்தில் ஒரு ஆள் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் அட்டை, பேனா. சென்ட்ரல் வண்டியில் யார் யார் ஏறுகிறார்கள் என்று எண்ணுகிறாராம். யாருமே ஏறவில்லை. ஒரு கிழவர் மட்டும் கோழிக்கூடையோடு ஏறினார். ஊரே வண்டிக்குள் உட்கார்ந்து அவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. வனஜாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வனஜா எங்கள் அடுத்த தெரு. பாரிமுனையில் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள், இந்த ஸ்டேஷன் திறந்த நாளிலிருந்து எனக்கு வண்டித் துணை.

11.10.1989

அந்த ஆள் இன்றும் நின்றிருந்தார். வனஜா ஜன்னல் வழியாகக் கை காட்டினாள். அவர் திருப்பிக் காட்டவில்லை.

30.10.1989

தீபாவளி லீவு முடிந்து இன்று ஆபீஸ். சாயங்காலம் இறங்கினால் ஸ்டேஷன் வாசலில் அத்தை. சாக்கு விரித்து, முன்னால் அரைக்கீரை, சிறுகீரை, ஒரு முறத்தில் கட்டிய கதம்பம். பக்கத்தில் நாகு ஒரு கீரைக்கட்டைக் கிழித்துக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் நிலத்தில் பாதி மனைகளாகிவிட்டது. மீதி இருப்பது ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு துண்டு. அதில் எப்போதும் கீரை போடுவார். ஆனால் இதுவரை வீட்டுக்கும் உறவுக்கும்தான். இப்போது வியாபாரம். ஆபீஸ் பெண்கள் இறங்கியதும் நாற்புறமும் மொய்த்துக்கொண்டார்கள். அத்தை யாரிடமும் பேரம் பேசவில்லை. எடுத்தா எடு, இல்லாட்டி போ. அதற்கும் வாங்கினார்கள்.

ரயில் வந்தபோது, ஊரான் ஊட்டு சனமெல்லாம் நம்ம வாசல்ல வந்து எறங்கும் என்று ஒரு மாதம் முணுமுணுத்தவர். இப்போது எந்த வண்டிக்கு எவ்வளவு கூட்டம் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார். கேட்டால், கீரை முத்திப் போவுது, அதான் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்தால் கோபம் வரும் என்று அடக்கிக்கொண்டேன்.

14.11.1989

டிக்கெட் கொடுக்கும் கோதண்டம் இன்று என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். அவர் ரயில்வே ஆள் இல்லை. கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் ஏஜென்ட். தகரக் கொட்டகைதான் அவர் ஆபீஸ். எப்போது பார்த்தாலும் காதைக் குடைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். அது அவர் சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

ஸ்டேஷனை மூடப் போவதாகப் பேச்சாம். இங்கே ஏறுவதற்கு ஆளே இல்லை என்று எழுதியிருக்கிறார்களாம்.

ஆள் இல்லையா? காலையில் கால் வைக்க இடமில்லாமல் நிற்கிறோமே! நான் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நிக்கிறீங்கம்மா. எந்தப் பக்கம் நிக்கிறீங்க? சீசன் எங்க வாங்குறீங்க? இங்க ஒரு சீசன் நான் எழுதிக் குடுத்து எத்தினி மாசமாச்சு தெரியுமா? நீங்கல்லாம் அவங்க கணக்குல ஆவடி சனம்."

வீடு வரை நடந்துவந்து வாசலில் நின்றுவிட்டேன். செருப்பைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் ஏறி, எங்கள் ஊர் வழியாகவே போய், எங்கள் ஊரில் இறங்குகிற நாங்கள் எங்கள் ஊர்க்காரர்கள் இல்லையா? இது என்ன கணக்கு? ஆனால் யோசித்தால் தப்பும் இல்லையே. அந்த வெள்ளைச் சட்டைக்காரர் பொய் எழுதவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு கோழிக்கூடை. நாங்கள் அவருக்குக் கை காட்டிக்கொண்டு போனோம்.

அத்தைக்கு இது தெரியுமா? தெரிந்தால் நிபந்தனை ஞாபகம் வருமா? மறந்திருக்கவே மாட்டார்.

15.11.1989

அவரிடம் சொன்னேன். பாப்போம் என்றார். நாளைக்கு உலகம் அழியும் என்று சொன்னாலும் எத்திராஜ் பாப்போம் என்றுதான் சொல்வார்.

நான் வேலைக்குப் போவது உங்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று கேட்டேன். இப்ப இன்னாத்துக்கு அந்தப் பேச்சு என்று சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட ஆரம்பித்துவிட்டார்.

19.11.1989, ஞாயிறு

நகர் நலச் சங்கக் கூட்டம், செல்லியம்மன் கோயில் வேப்பமரத்தடியில். செயலாளர் ஜம்புலிங்கம் எலெக்‌ஷன் முடியட்டும், ஜெயித்தவரிடம் போவோம் என்றார். நான் எழுந்து பேசினேன். நான்! எத்திராஜ் வீட்டுத் தாச்சாவா என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோரும் அடுத்த மாதத்திலிருந்து கோதண்டத்திடமே சீசன் வாங்குவோம், சென்ட்ரல் பிளாட்பாரத்தில் நின்று ஏறுவோம், அவர்கள் மறுபடி எண்ணினால் கூட்டம் தெரியட்டும் என்றேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். வனஜா பலமாகத் தட்டினாள். ஊர் ஒற்றுமை பற்றி ஜம்புலிங்கம் வெகுநேரம் பேசினார். அத்தை கடைசி வரிசையில் நாகுவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கூட்டம் முடிந்ததும், தொண்ட காஞ்சிருக்கும், மோரு கீது ஊட்ல என்றார். அவ்வளவுதான்.

1.12.1989, வெள்ளி

புது சீசன். "செல்லியம்மன் நகர் – சென்ட்ரல்" என்று கோதண்டம் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தார். சந்தோஷத்தில் காதைக் குடையக்கூட மறந்துவிட்டார்.

சென்ட்ரல் பிளாட்பாரம் நிறைய ஆள். பார்க்கவே தேர்த் திருவிழா. வண்டி வந்தது. உள்ளே ஆவடிக்காரர்களும் அண்ணனூர்க்காரர்களும் வாசல் வரை. பாதிப் பேர் ஏறினோம், பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். எனக்கு ஒரு கால்தான் உள்ளே. வில்லிவாக்கம் வரை இன்னொரு கால் எங்கே இருந்தது என்று தெரியாது.

ஆபீஸ் பாத்ரூமில் புடவையைச் சரிசெய்துகொண்டு இதை எழுதுகிறேன். ஆனாலும் சந்தோஷம்.

5.12.1989

நின்றுகொண்டு எழுத முடியவில்லை.

8.12.1989

இன்று இரண்டு வண்டி விட்டுத்தான் ஏற முடிந்தது. ஆபீஸுக்கு லேட். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பக் கடிகாரத்தைப் பார்த்தார்.

18.12.1989, திங்கள்

எதிர்ப் பிளாட்பாரத்தில் கூட்டம் திரும்ப ஆரம்பித்துவிட்டது. முதலில் வயதானவர்கள். பிறகு லேட்டானால் சம்பளத்தில் பிடித்தம் ஆகிற ஆட்கள். இன்று பார்த்தால் ஜம்புலிங்கமே அங்கே நிற்கிறார், செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு. பெரிய மனிதர்! பேப்பர் தலைகீழாக இருந்ததா என்று தூரத்திலிருந்து பார்க்க முடியவில்லை.

பக்கத்தில் வனஜா.

சாயங்காலம் அவளைப் பிடித்து நிறுத்தினேன். கோபமாகப் பேச வேண்டும் என்று வாக்கியமெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவள் புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலைக் காட்டினாள். வீங்கி, நரம்பெல்லாம் நீலமாகப் புடைத்திருந்தது. கடையிலும் நாள் முழுக்க நிற்க வேண்டும்.

"வண்டியில உக்கார்ற நேரந்தான் எனக்கு உக்கார்ற நேரம், தாச்சா. நீதான் நிக்கிறியே, ஒரு ஆளு பத்தாதா?"

பத்தாதுடி என்றேன். அழுகை வந்துவிட்டது. யார் மேல் கோபப்படுவது? வனஜா மேலா? அந்தக் காலைப் பார்த்த பிறகா? ரயில்வே மேலா? எண்ண வந்தவர் எண்ணினார். என் மேலா? நான் அந்த ஜன்னல் சீட்டுக்கு ஆசைப்பட்டது அவ்வளவு பெரிய குற்றமா? ஒன்றுமே பிடிபடவில்லை. அன்று ஸ்டேஷன் கேட்டு மனு கொடுக்க ஆவடி வரை ஊர்வலம் போன அதே ஜனங்கள்தான். ஸ்டேஷன் வேண்டும் என்பதும் உண்மை. உட்கார வேண்டும் என்பதும் உண்மை. இரண்டும் உண்மையாக இருந்தால் எதை விடுவது?

3.1.1990

கோதண்டம் கேட்டார், இந்த மாசம் நீங்க ஒருத்தர்தான் வாங்குனீங்க, போதும்மா, ஏன் கஷ்டப்படுறீங்க என்று. அவரே அடுத்த வேலை தேடுகிறாராம்.

17.1.1990

இடுப்பு வலி தாங்காமல் இன்று நானும் ஆவடி வண்டியில் ஏறிவிட்டேன். என்னிடம் ஆவடி சீசன் கிடையாது. பரிசோதகர் வந்தால் மானம் போய்விடும். ஆவடியில் வண்டி நின்ற நேரம் முழுக்கத் தலையைக் குனிந்தே இருந்தேன். ஆனால் உட்கார்ந்தேன். வனஜா ஒன்றும் கேட்காமல் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

ஒன்றரை மாதமாகக் கிடைத்த இடத்தில் வைத்துக் கிறுக்கிய நோட்டில் இன்று சீட்டிலேயே எழுதுகிறேன். எழுத்து எவ்வளவு ஒழுங்காக வருகிறது.

19.2.1990

நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். போதிய பயணிகள் இல்லாததால் ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து செல்லியம்மன் நகரில் வண்டிகள் நிற்கா. காலையில் எல்லோரும் கூடி நின்று படித்தார்கள். போதிய பயணிகள் இல்லையாம், பாரு அநியாயத்தை என்று ஒருவர் சத்தம் போட்டார். ஆவடி வண்டி வந்தது. எல்லோரும் ஓடிப்போய் ஏறிவிட்டார்கள்.

2.3.1990

அத்தை இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டீஸ் ஒட்டிய இடத்துக்கு நேர் கீழேதான் அவர் சாக்கு. படிக்கத் தெரியாது. ஆனால் கீரை வாங்க வருகிறவர்கள் வாயெல்லாம் அதுதான். தெரியாமல் இருக்காது.

சாப்பாடு போடும்போது, தலை வாரும்போது, எப்போது சொல்வார் எப்போது சொல்வார் என்று நானே காத்திருக்கிறேன். சொல்லித் தொலைத்தாலாவது சண்டை போடலாம். சண்டை போடுவேனா? அதுவும் தெரியவில்லை. இன்று காலை நாகு தூக்கத்தில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டபோது, எதற்கு இந்த ஓட்டம், போகட்டுமே என்று தோன்றியது. ஆபீஸ் போய் மெஷினின் உறையைக் கழற்றியதும், இதை எப்படி விடுவேன் என்று ஆகிவிட்டது. மத்தியானத்துக்குள் இரண்டு தடவை மனசு மாறியவளை யார் நம்புவார்கள்?

13.3.1990

கேட்டேவிட்டேன், அவரிடம். அத்தை சொன்னது ஞாபகம் இருக்கிறதா, நான் என்ன செய்யட்டும்?

அவர் இந்த முறை பாப்போம் என்று சொல்லவில்லை. அம்மா சொல்றது சும்மா இல்ல தாச்சா, ரெண்டாவது ஷிப்டு வாரம் நான் இன்னா பண்ணுவேன், இருட்டுல நீ தனியா கரை மேல வரணும் என்றார். பாப்போமே மேல்.

26.3.1990

ராஜினாமாவை நானே டைப் அடித்தேன். ஒரு பிழை இல்லை. மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். மாதக் கடைசி வேலை நிறைய இருக்கிறது, முடித்துவிட்டுக் கொடுக்கலாம்.

30.3.1990, வெள்ளி

கொடுக்கவில்லை. மேனேஜர் அறை வாசல் வரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

31.3.1990

கடைசி நாள். கோதண்டம் கற்பூரம் ஏற்றினார். கல்யாண வீடு காலி செய்வது போல நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். அத்தை சாக்கை உதறி மடித்தார். நாளைக்கு ஞாயிறு என்று மட்டும் சொன்னார். அது எனக்குத் தெரியாதா?

2.4.1990, திங்கள்

இதைச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் அவர் சைக்கிளில் திருமுல்லைவாயலில் கொண்டுபோய் விட்டார். இந்த வாரம் அவருக்கு இரண்டாவது ஷிப்டு. சாயங்காலம் வர முடியாது. பத்திரம் என்றார்.

வண்டி வழக்கம்போல எங்கள் ஊர் வழியாக, நிற்காமல் ஆவடி பக்கம் போயிருக்கும். நான் பார்க்கவில்லை. திருமுல்லைவாயலிலிருந்து நேராக சென்ட்ரல் போனேன், நின்றபடி. நாள் முழுக்கத் தப்புத் தப்பாக டைப் அடித்தேன். ஐந்து மணிக்குக் காகிதத்தை எடுத்து மேனேஜர் மேஜைக்குப் போனேன். அவர் சீக்கிரம் கிளம்பிவிட்டிருந்தார். சரி, நாளைக்கு. இன்றைக்குக் கரையைத் தாண்டிவிட்டால் போதும், நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். தாலிச் சங்கிலியைக் கழற்றிப் பர்ஸில் போட்டு, மஞ்சள் கயிற்றோடு வந்தேன்.

திருமுல்லைவாயலில் இறங்கியபோது வெளிச்சம் மங்கிவிட்டது. படியிறங்கும் இடத்தில் கூட்டம். சாக்கு. முறம். கீரை. அத்தை. நாகு அவர் முதுகில் தொற்றிக்கொண்டு தலையில் ஒரு கதம்பத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். குழந்தையையும் கூடையையும் தூக்கிக்கொண்டு அந்தக் கரை முழுக்க இவர் எப்படி நடந்து வந்தார்? எதற்கு வந்தார்? எனக்காகவா? கீரை முத்திப் போகிறது என்றா? இரண்டுமா? முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் என்றைக்கு எது தெரிந்திருக்கிறது?

வனஜாவும் எங்கள் பக்கத்துப் பெண்களும் அதே வண்டியில் இறங்கினார்கள். இருட்டுவதற்குள் போய்விட வேண்டும் என்று வேகமாக நடக்கத் தொடங்கியவர்களை அத்தை அதட்டி நிறுத்தினார்.

"எங்க ஓடுறீங்க தனித்தனியா? இன்னும் ரெண்டு மொழம் கீது. வித்துட்டு ஒண்ணாப் போலாம். இல்லாட்டி நீங்களே வாங்கிக்கினா சீக்கிரம் போலாம்."

வனஜா சிரித்துக்கொண்டே வாங்கினாள். மீதியை இன்னொருத்தி. காலிக் கூடையை வனஜா வாங்கிக்கொண்டாள், நாகுவை நான். கரை மேல் ஏழெட்டுப் பெண்கள் பேசிக்கொண்டே போனோம். அத்தை முன்னால் போனார். ஆபீஸ் செருப்பு போட்டுக்கொண்டு இவளுங்க நடக்கிற நடைக்கு விடிஞ்சிடும் என்று ஒரு தடவை திட்டினார்.

கால்வாய்ப் பாலம் தாண்டியதும் மற்றவர்கள் அவரவர் தெருவுக்குப் பிரிந்தார்கள். நாங்கள் மூவர் மட்டும். இப்போது சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொல்வதற்குள் நானே சொல்லிவிடலாம் என்று, அத்தே, நாளைக்கு ஆபீஸ்ல... என்று ஆரம்பித்தேன்.

அத்தை திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"நாளிக்கும் இதே வண்டியா? சொல்லு, அதுக்குத் தக்கன பூவு கட்டணும்."

இதே வண்டிதான் என்றேன்.